நான்கு சிவப்பு வட்டங்கள்

ஜூலை 3

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். உங்கள் நலமும் வீட்டார் நலமும் அறிய விரும்புகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவி. உங்கள் மகள் படிக்கும் ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவில் ஏழு வாரம் பாடம் நடத்த வந்திருக்கிறேன். வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். கடிகாரம் வைத்து எல்லோருக்கும் ஒரு நிமிட வாசிப்புச் சோதனை நடத்தினேன். பெரும்பாலான பிள்ளைகள் எழுபது சொற்கள்வரை வாசித்தார்கள். உங்கள் மகள் வாசித்தது பதினொரு சொற்கள். கரும்பலகையில் எழுதிப் போடுவதை அவள் ஒரு வரிகூடப் பார்த்து எழுதுவதில்லை. பின்னக் கணக்குக்காக மூன்று நாள் உட்கார்ந்து வண்ணத்தாளில் படங்கள் வெட்டி ஒட்டினேன். மற்றப் பிள்ளைகள் ஆசையாகப் பார்த்தார்கள். உங்கள் மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பயிற்சியில் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துத் தனியாள் ஆய்வு எழுத வேண்டும். 'மந்தமாகக் கற்கும் மாணவி' என்ற தலைப்பில் உங்கள் மகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பெயர் வராது, 'மாணவி அ' என்றுதான் குறிப்பிடுவேன். இத்துடன் உள்ள அனுமதிப் படிவத்தில் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டுகிறேன்.

பின்தங்கிய பிள்ளைகளை ஆகஸ்ட் மாதம் 'அடிப்படைப் பிரிவு' என்ற தனி அறைக்கு மாற்றப் போகிறார்கள். என் சோதனை முடிவுகளையும் தலைமையாசிரியை வாங்கி வைத்திருக்கிறார். வீட்டில் யாராவது தினமும் அரை மணி நேரம் அவளுடன் உட்கார்ந்தால் நல்லது.

கடிதத்தை உறையில் வைத்து ஒட்டி, பெற்றோர் மட்டும் பிரிக்கவும் என்று எழுதி அவளிடமே கொடுத்தனுப்புகிறேன்.

பணிவுடன்,
பயிற்சி ஆசிரியை


ஜூலை 4

பயிற்சி டீச்சருக்கு,

வணக்கம். நலம் விசாரித்ததற்கு நன்றி. கடிதத்தில் அந்த ஒரு வரிதான் நன்றாக இருந்தது.

படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். பரீட்சை உங்களுக்கு. அதில் மார்க் வாங்க என் மகள் எதற்கு? 'அ' என்று அவளுக்குப் பெயர் வைக்க நீங்கள் யார்? அவளுக்கு நாங்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். வீட்டில் மிளகு என்று கூப்பிடுகிறோம், ஏனென்றால் ஆள் சிறிசு, காரம் அதிகம். மந்தம் என்று இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. நீங்கள் வந்து பத்து நாள் ஆகிறது, கூப்பிட்டுவிட்டீர்கள்.

நான் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். இருபது வருடமாக இந்த வேலை. பட்டறைக்கு வரும் பையன்கள் ஒவ்வொருவனும் ஒரு மாதிரி. ஒருவனுக்கு வரைந்து காட்ட வேண்டும், ஒருவனுக்குக் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். தகடு சரியாக ஒட்டவில்லை என்றால் நான் தகட்டைத் திட்டுவதில்லை. சூட்டைக் கூட்டினோமா, கையை வேகமாக இழுத்தோமா என்று பார்ப்பேன். உங்கள் காலேஜில் இதையெல்லாம் சொல்லித் தர மாட்டார்களா?

அவள் ஜன்னலைப் பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எதைப் பார்க்கிறாள் என்று கேட்டீர்களா?

இந்தக் கடிதத்தை உங்கள் பதிவேட்டில் ஒட்டி வைத்துவிடாதீர்கள். படித்ததும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
மிளகின் அப்பா


ஜூலை 8

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் கேட்டபடி உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நான்கு நாள் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தில்தான், மறைக்கப் போவதில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி, நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் தொண்டை வற்றக் கத்துகிறேன். பாடத்திட்ட நோட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்டு எழுத வேண்டும். கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கட்டம் தாண்டினால் சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போவார். இதற்கு நடுவில் ஒரு பிள்ளையைப் பற்றி அக்கறையாக நாலு வரி எழுதினால் எனக்குத் தகட்டுப் பாடம் நடத்துகிறீர்கள்.

ஜன்னலைப் பற்றிக் கேட்டேன். "சும்மாதான் மிஸ்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன செய்வது?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உங்கள் கடிதம் வந்த அழகைப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, பெயர்ப்பலகையில் எழுதியது போல நிற்கிறது. ஒரு வரிகூட வளையவில்லை. உங்கள் வீட்டில் இப்படி எழுதக்கூடிய ஒருவர் இருக்கிறார். என்னைத் திட்டி முழுப்பக்கம் எழுத அவருக்கு நேரம் இருக்கிறது. அதில் பாதி நேரம் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் அவள் நோட்டு இப்படிக் காலியாகக் கிடக்காது. குறையை என்மேல் மட்டும் போடாதீர்கள்.

இப்படிக்கு,
பயிற்சி ஆசிரியை


ஜூலை 10

டீச்சருக்கு,

என் கடிதம் திரும்பி வந்தது. அதில் நான்கு இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் சரியான எழுத்தையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகளின் தகப்பன் கோபத்தில் எழுதின கடிதத்துக்குப் பிழை திருத்துகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். மார்க்கும் போட்டிருக்கலாமே?

அந்தக் கையெழுத்து யாருடையது என்று இப்போது சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

எனக்கு இடது கண்ணில் அறுவை செய்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். வலது கண் வெல்டிங் வெளிச்சத்தில் ஏற்கெனவே அரைகுறை. ஆகஸ்ட் வரை எழுத்தின் பக்கமே திரும்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவள் அம்மா விடிந்ததும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சின்னவளுக்கு மூன்று வயது. மிச்சம் யார் இருக்கிறார்கள்?

நீங்கள் 'பெற்றோர் மட்டும் பிரிக்கவும்' என்று எழுதி ஒட்டின உறையை மிளகுதான் பிரித்தாள். அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மந்தமாகக் கற்கும் மாணவி என்கிற இடம் வந்ததும் கொஞ்சம் நின்றாள். எனக்குக் கண் தெரியாது, விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. அவள் விடவில்லை. பதினொரு சொற்கள் என்பதையும் விடவில்லை. வாசித்து முடித்துவிட்டு, "கையெழுத்து எங்க போடணும்னு காட்டட்டுமாப்பா?" என்று கேட்டாள்.

பதில் கடிதம் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதியது. பட்டறையில் தகட்டின்மேல் எழுத்தைத் தள்ளித்தள்ளி எழுதுவோம், இல்லையென்றால் வெட்டுகிறவன் தப்பாக வெட்டிவிடுவான். அதைப் பார்த்துப் பழகிய கை அவளுடையது. நான் சொன்னதில் இரண்டு வார்த்தையை அவள் எழுத மாட்டேன் என்றுவிட்டாள். "அவங்க பாவம்ப்பா, புதுசு" என்றாள். அந்தப் பிள்ளையின் பக்கத்தில்தான் யாராவது உட்கார்ந்து எழுத்துச் சொல்லித் தர வேண்டும் என்கிறீர்கள்.

இந்தக் கடிதத்தையும் அவள்தான் எழுதுகிறாள். மாட்டேன் என்று அழுதாள். எழுது என்றேன். உங்களுக்கு வேண்டுமென்றால் எழுத்துகளை எண்ணிக்கொள்ளுங்கள், கடிகாரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நீங்கள் வட்டம் போட்ட நான்கு சொல்லையும் அன்றைக்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். இந்தக் கடிதத்தில் அந்த நான்கும் தப்பில்லாமல் வந்திருக்கிறதாம், என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மிளகின் அப்பா


ஜூலை 11

ஐயா,

மூன்று தாள் கிழித்துவிட்டேன். என்ன எழுதினாலும் அதை அவள்தான் வாசிக்கப் போகிறாள் என்று தெரிந்த பிறகு கை ஓடவில்லை.

என்னை மன்னித்துவிடுங்கள். மிளகு, நீயும்.

பயிற்சி ஆசிரியை


ஜூலை 18

டீச்சருக்கு,

மன்னிப்பு நான் கேட்கவில்லை. நீங்கள் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

இந்த வாரம் நீங்கள் செய்தது என்ன? அவளைக் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்குத் தூக்கி உட்கார வைத்து, வகுப்பு முழுக்கக் கேட்க, "உனக்குக் காதால கேட்டாத்தான் புரியும், நான் உனக்கு மட்டும் சொல்றேன்" என்று சொல்லியிருக்கிறீர்கள். இடைவேளையில் நான்கு பிள்ளைகள் அவள் காதில் வாய் வைத்துக் கத்தியிருக்கிறார்கள். இரண்டு நாளாகப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள். வயிற்று வலியாம். முன்பு நீங்கள் அவளைக் கவனிக்காமல் விட்டபோது இந்த வயிற்று வலி இல்லை.

நல்லது செய்கிறேன் என்று நாலு பேர் பார்க்கச் செய்தால் அது யாருக்குச் செய்தது?

மிளகின் அப்பா


ஜூலை 29

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கண் எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தைப் படித்தபோது மறுபடியும் கோபம்தான் வந்தது. பஸ்ஸில் இரண்டாம் முறை படித்தேன், என்மேல் வந்தது. பதினொரு நாள் பொறுத்து எழுதுகிறேன், ஏனென்றால் எதையாவது செய்துவிட்டு எழுத வேண்டும் என்று வீம்பு.

அவளைப் பழைய இடத்திலேயே உட்காரவிட்டேன். இனி எல்லோருக்குமே எந்தக் கணக்கையும் எழுதிப் போடுவதற்கு முன் இரண்டு முறை வாயால் சொல்கிறேன். ஆறு அடித் தகடு, அதில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினால் மிச்சம் எவ்வளவு? மிளகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே "நாலு அடி" என்றாள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை, "இங்க பாரு" என்றுதான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, வெறும் மதில் சுவர். நான் ஒட்டிய அத்தனை வண்ணப் படங்களும் கண்ணில் படாத ஒரே இடம் அது. எதிரில் ஏதும் இல்லாதபோதுதான் அவளுக்குக் காது வேலை செய்கிறது. சுவரில் ஒட்டியதில் பாதியைக் கிழித்துவிட்டேன். மூன்று நாள் வேலை, கிழிக்கும்போது வயிறு எரிந்தது.

வாசிப்புக்குக் கடிகாரத்தை எடுப்பதில்லை. அவரவர் பக்கத்தை முதல் நாளே வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன். திங்கட்கிழமை அவள் ஒன்றரைப் பக்கம் வாசித்தாள், ஒரு சொல்லையும் விடவில்லை. நீங்கள் சொன்னது சரி, அவள் விடுகிற பிள்ளை இல்லை.

இவளைப் பார்க்கத் தொடங்கியபிறகு மற்றவர்களும் கண்ணில் படுகிறார்கள். ஒருத்திக்கு உட்கார்ந்தால் கணக்கு வராது, நிற்க வைத்தால் வருகிறது. ஒருவனுக்கு எல்லாமே சீக்கிரம் முடிந்துவிடுகிறது, சேட்டை அதனால்தான். அவனுக்குத் தினமும் ஒரு கடினமான கணக்குத் தனியாகத் தருகிறேன், முறைத்துக்கொண்டே போடுகிறான். இதையெல்லாம் யாரையும் பேர் சொல்லிச் செய்வதில்லை.

நேற்று மேற்பார்வையாளர் வந்தார். "ஒரு பாடத்தை மூணு விதமா நடத்தறியே, என்ன கடையா வச்சிருக்க?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார். நோட்டில் 'திட்டத்திலிருந்து விலகல்' என்று சிவப்பு மையில் எழுதினார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மையைப் பிடுங்கிக் கொட்டியிருப்பேன். சிவப்பு மை எதிர்ப்பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரிந்தது.

பயிற்சி ஆசிரியை


ஜூலை 31

டீச்சருக்கு,

கண் பரவாயில்லை. வேறு பேச்சுக்கு நேரம் இல்லை.

அடிப்படைப் பிரிவுக்குப் போகிறவர்கள் பட்டியலைத் தலைமையாசிரியை அறைக்கு வெளியே ஒட்டியிருக்கிறார்கள். ஏழாவது பெயர் என் மகளுடையது. பெயருக்கு நேரே 'பதினொன்று' என்று எழுதியிருக்கிறது. அவளே படித்துவிட்டு வந்து சொன்னாள். அந்த அறையில் போன வருடம் உட்கார்ந்த பிள்ளைகள் படம் வரைந்து, வரிசையாக நின்று, வீட்டுக்கு வந்தார்கள். ஒருவரும் திரும்பத் தங்கள் வகுப்புக்குப் போனதில்லை. இவள் போனால் அதோடு முடிந்தது.

நீங்கள் மாறிவிட்டீர்கள், சந்தோஷம். படங்களைக் கிழித்தீர்கள், அதுவும் சந்தோஷம். ஆனால் உங்கள் பதினொன்று அங்கே சுவரில் இருக்கிறது. அதை யார் கிழிப்பது? எட்டாம் தேதி நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். அந்த எண் இங்கேயே இருக்கும்.

இதை அவள் எழுதும்போது கை நடுங்குகிறது. வரி வளைந்திருந்தால் அதனால்தான்.

மிளகின் அப்பா


ஆகஸ்ட் 5

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்த அன்றே தலைமையாசிரியையிடம் போனேன். "பயிற்சிக்கு வந்தவங்க பாடத்தை மட்டும் பாருங்கம்மா" என்றார். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாள் எழுத்தில் கொடுத்தேன். வந்த முதல் வாரத்தில், பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாமல், முகத்துக்கு நேரே கடிகாரத்தை நீட்டி எடுத்த சோதனை அது, அந்த முடிவுகளை நான் திரும்பப் பெறுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மிளகுக்கு மட்டும் இல்லை, பட்டியலில் என் எண்ணால் சேர்ந்த ஐந்து பேருக்கும்.

அவருக்கு வந்ததே கோபம்! கல்லூரிக்குப் போன் போட்டுவிட்டார். மேற்பார்வையாளர் என்னை நிற்க வைத்து அரை மணி நேரம் திட்டினார். நானும் சும்மா இருக்கவில்லை. உங்கள் இரண்டு கடிதங்களை அவர் முன்னால் வைத்து, "இத எழுதினது யாருன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். உங்களைக் கேட்காமல் காட்டிவிட்டேன், அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்ளுங்கள்.

நேற்று தலைமையாசிரியை தன் அறையில் மிளகை உட்கார வைத்துத் தானே ஒரு பக்கம் சொல்ல, அவள் எழுதினாள். நான் வெளியே நின்றேன். அவள் கை நடுங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அரையாண்டு வரை அவள் ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவிலேயே இருப்பாள். மற்ற நான்கு பேரில் இருவருக்குத்தான் அப்படிச் சொன்னார்கள். இருவரை என்னால் மீட்க முடியவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து எனக்கு யாரும் கடிதம் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

தனியாள் ஆய்வை நான் கொடுக்கப் போவதில்லை. அந்த மார்க் போகட்டும். உங்கள் படிவத்தைக் கிழித்துவிடுங்கள்.

எனக்குப் பிறகு வருகிற ஆசிரியைக்காக ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். மிளகுக்கு எது உதவுகிறது, எது உதவாது என்று. உறையை ஒட்டவில்லை. மிளகு முதலில் படிக்கட்டும். தப்பாக இருக்கிற வரியை அவளே அடிக்கட்டும்.

அன்புடன்,
பயிற்சி ஆசிரியை


ஆகஸ்ட் 7

டீச்சருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் அந்தப் பக்கமும் கிடைத்தன.

அந்த இரண்டு பிள்ளைகளின் வீட்டை விசாரித்திருக்கிறேன். ஒருவன் எங்கள் பட்டறைக் காவல்காரரின் மகன். கடிதம் எழுதத் தெரியாது என்றார். எங்கள் வீட்டில் எழுத ஆள் இருக்கிறது, சாயங்காலம் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். தலைமையாசிரியை தயாராக இருக்கட்டும்.

நீங்கள் எழுதிய பக்கத்தை மிளகு படித்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. கணக்கை வாயால் சொல்வது, கடிகாரம் கூடாது, ஜன்னல் பக்கம் உட்காரட்டும், இதெல்லாம் சரி என்றாள். ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டாள். 'இவளிடம் மிகவும் பொறுமையாக இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தீர்களே, அது.

ஏன் என்று கேட்டேன். "பொறுமையா இருக்கறவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ப்பா. அது வேணாம். நேரம் குடுத்தாப் போதும்" என்றாள்.

பிறகு புதுத்தாள் எடுத்து, நீங்கள் எழுதியதை முழுக்கத் தன் கையாலேயே திரும்ப எழுதினாள். வருகிற டீச்சர் முதலில் அந்தக் கையெழுத்தைப் பார்க்கட்டுமாம், மற்றதெல்லாம் பிறகு. அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறோம், சேர்த்துவிடுங்கள். உங்கள் தாள் எங்களிடமே இருக்கட்டும் என்கிறாள். சிவப்பு வட்டம் போட்ட அந்தப் பழைய கடிதத்தோடு சேர்த்து டப்பாவில் வைத்திருக்கிறாள்.

என் கோபம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த முதல் கடிதத்தை அவள் நின்று நின்று வாசித்த குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதை நீங்களும் மறக்காமல் இருந்தால் நல்லது. நீங்கள் போகிற பள்ளியில் இன்னொரு நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருப்பார்கள்.

கட்டு அவிழ்த்து மூன்று நாள் ஆகிறது. இரண்டு மாதத்துக்குப் பிறகு என் கையால் எழுதுகிற முதல் கடிதம் இது. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, எனக்கே தெரிகிறது. எழுதி முடித்ததும் மிளகு வாங்கிப் படித்தாள். மூன்று இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுவிட்டாள். வேறு தாளில் எழுதலாம் என்று பார்த்தேன், அப்படியே அனுப்பச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
மிளகின் அப்பா